மின்சாரப் பார வண்டியும் துணை எஞ்சினும்

திருவள்ளூர் ஜில்லாவில் கொசஸ்தலையாற்றையும் ஆரணியாற்றையும் கடக்கும் கிராமப் பாதைகள் பலவற்றில் தரைப்பாலங்களே உண்டு. ஆற்றில் ஜலம் குறைந்திருக்கும் காலங்களில் வண்டிகள் அவற்றின் மேல் தடையின்றிச் செல்லுகின்றன. பூண்டி ஏரியிலிருந்தோ பிச்சாட்டூர் ஏரியிலிருந்தோ உபரி ஜலம் திறக்கப்படும்போது பாலம் முழுகிவிடும். ஊரார் வெகுதூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதே. இக்காரணம் பற்றித் தரைப்பாலமே வேண்டாமென்று ஒருவரும் சொல்லுவதில்லை. அது இல்லாவிடில் மற்ற மாதங்களிலும் சுற்றுவழியே கதியாகும். ஆனால் தரைப்பாலம் இருக்கிறதென்பதைச் சாக்காகக் கொண்டு உயர்ந்த பாலத்தை என்றைக்கும் கட்டாமல் விடுவதும் தகாது.

மோட்டார் வண்டிகள் எண்ணெயை விட்டு மின்சாரத்துக்கு மாறிவரும் இக்காலத்தில், மின்சார வண்டியினுள்ளேயே ஒரு சிறு பெட்ரோல் எஞ்சினையும் துணைக்கு வைத்துக்கொள்ளும் முறை இத்தகைய தரைப்பாலமென்று சொல்லத்தக்கது. சீனா, ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களில் இதைப் பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது. இந்நாட்டுச் சந்தையில் இது இன்னும் வேரூன்றவில்லை. வேரூன்றுவதற்கு முன்னரே, இது எந்தக் குடியானவருக்கு, எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை வருஷங்களுக்கு உதவும் என்பதை ஆராய்ந்து வைப்பது அவசியம். வண்டி வாங்குவது விதை வாங்குவது போலன்று. விதையில் தவறினால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். வண்டியில் தவறினால் தவணைக் கடன் தீரும்வரை அத்தவறும் கூடவே வரும்.

குடியானவரின் வண்டியும் வழியும்

திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களின் மல்லிகையும் கத்திரியும் வெண்டையும் கீரையும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களின் நிலக்கடலையும் தர்பூசணியும், திருத்தணிப் பக்கத்து மாம்பழமும் பெரும்பாலும் சென்னையையே நம்பியிருக்கின்றன. 1996-ஆம் வருஷத்தில் கோயம்பேட்டுச் சந்தை ஏற்பட்டது முதல் இச்சரக்குகள் பின்னிரவில் புறப்பட்டு விடியுமுன் அங்கே சேர்ந்துவிட வேண்டுமென்பது நியதியாயிற்று. பூவும் கீரையும் காத்திருக்கமாட்டா. ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை பாதியாகும். இரண்டு மணி தாமதித்தால் கொண்டுபோன கூலியும் மிஞ்சாது.

இவ்வேலையை முற்காலத்தில் கட்டை வண்டியும் பிற்காலத்தில் வாடகை லாரியும் செய்துவந்தன. 2005-ஆம் வருஷத்தில் டாடா ஏஸ் என்னும் சிறு பார வண்டி வந்தபின், ஜனங்கள் அதைக் ‘குட்டியானை’ என்று பெயரிட்டுச் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தொடங்கினர். டீஸல் விலை ஏறியபடியால் அவ்வண்டியின் லாபம் நாளடைவில் சுருங்கியது. 2022-ஆம் வருஷத்தில் அதே குட்டியானை மின்சாரத்தால் ஓடும்படியாகவும் விற்பனைக்கு வந்தது. அதன் பாட்டரி 21.3 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு தடவை ஏற்றினால் 154 கிலோமீட்டர் ஓடுமென்பது பரீட்சைச் சாலையில் கண்ட அளவு.

பரீட்சைச் சாலை வேறு, பாரத்துடன் செல்லும் மண் பாதை வேறு. மேடு பள்ளம், நிறைந்த சுமை, இரவில் விளக்கு, சந்தை வாசலில் நெரிசல் ஆகியவற்றைக் கருதினால் சொல்லப்பட்ட தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கையே நம்பிப் புறப்படுவது விவேகம். அதாவது ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருவள்ளூரிலிருந்து கோயம்பேடு போய்த் திரும்ப 80 அல்லது 90 கிலோமீட்டராகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து 90 முதல் 100 வரையாகும். திரும்பும்போது வண்டி காலியாயிருப்பதால் மின்சாரம் குறைவாகவே செலவாகும். ஆகவே இவ்விரண்டு ஊர்க்காரருக்கும் வெறும் மின்சார வண்டியே போதும். துணை எஞ்சின் அவர்களுக்கு வீண் சுமை. ஊத்துக்கோட்டைக்கு அப்பாலுள்ள கிராமத்தாருக்கு வழி இழுபறியாகும். திருத்தணியாருக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டரும், பள்ளிப்பட்டாருக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் ஆகிவிடும். துணை எஞ்சினைப் பற்றிய கேள்வி இவர்களுடைய கேள்வியேயன்றி ஜில்லா முழுவதற்கும் உரியதன்று.

துணை எஞ்சின் வேலை செய்யும் விதம்

ரயிலை இழுக்கும் டீஸல் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். அதில் டீஸல் எஞ்சின் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தால் அடியிலுள்ள மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. 1962-ஆம் வருஷம் முதல் இந்திய ரயில்வேயில் பெருவாரியாக ஓடிய டீஸல் எஞ்சின்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே. சாலை வண்டியில் இதனோடு ஒரு பெரிய பாட்டரியும் சேருகிறது. இரவில் வீட்டிலோ சங்கத்திலோ மின்சாரம் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும். பாட்டரி தாழ்ந்தபின், கல்யாண வீட்டில் கரண்டு போனதும் ஜெனரேட்டர் தொடங்குவதைப் போலச் சிறு எஞ்சின் ஓடத் தொடங்கி மின்சாரம் கொடுக்கும்.

இது புதிய கற்பனையுமன்று. 1900-ஆம் வருஷத்தில் வியன்னாவில் பெர்டினாண்ட் போர்ஷே என்பவர் பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கிச் சக்கர மோட்டார்களை ஓட்டும் காரைச் செய்தார். ஜெர்மனியின் பி. எம். டபிள்யூ. கம்பெனி 2013-ல் தன் சிறு மின்சாரக் காரில் மோட்டார் சைக்கிள் அளவுள்ள ஓர் எஞ்சினைத் துணைக்கு வைத்து விற்றது. லண்டன் நகரின் கறுப்பு டாக்ஸிகளில் 2018 முதல் புதிதாக வருபவை ஊருக்குள் மின்சாரத்தாலும் தொலைவழியில் துணை எஞ்சினாலும் ஓடுகின்றன. சீனாவில் லீ ஆட்டோ என்னும் கம்பெனி 2019 முதல் இவ்வகைக் கார்களைக் கொண்டே பெரும் வியாபாரம் நடத்திவருகிறது.

திருவள்ளூர்ப் பிரதேசத்துக்கும் இவ்விஷயம் முற்றிலும் அன்னியமானதன்று. எண்ணூரில் 1948-ல் தோன்றிய மோட்டார் கம்பெனி, இன்று அசோக் லேலண்டு என்னும் பெயருடன், எஞ்சினும் வெளி மின்சாரமும் கூடிய ஒரு பஸ்ஸை 2010-ல் டில்லிக் கண்காட்சியில் வைத்தது. தேர்வாய்க் கண்டிகைத் தொழிற்பேட்டையில் மிஷெலின் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. வண்டிக்கு வேண்டிய சாமான்களையும் அவற்றைச் செய்யும் கைகளையும் தேடி இப்பிரதேசத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

குளிர் நாடுகளின் அனுபவம்

மேல்நாடுகளில் துணை எஞ்சினுக்காக வாதிப்பவர்கள் முக்கியமாகக் குளிரைக் காரணமாகச் சொல்லுகிறார்கள். கடுங்குளிரில் பாட்டரியின் ரஸாயன வேலை மந்தப்படும். வண்டிக்குள் உஷ்ணம் உண்டாக்கவும் அதே மின்சாரம் செலவாகும். அமெரிக்க மோட்டார்காரர் சங்கம் 2019-ல் நடத்திய பரீட்சையில், பூஜ்யத்துக்குக் கீழ் 7 டிகிரிக் குளிரில் உஷ்ண யந்திரத்தையும் போட்டு ஓட்டியபோது வண்டி ஓடும் தூரம் நூற்றுக்கு 41 குறைந்தது. வீடுகள் வெகு தொலைவில் பிரிந்திருக்கும் பனிப்பிரதேசக் கிராமவாசிக்கு இது விளையாட்டன்று.

ஆயினும் அதே குளிருள்ள நார்வே தேசத்தில் 2024-ஆம் வருஷத்தில் புதிதாக விற்ற கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 வெறும் மின்சாரக் கார்களாயிருந்தன. அங்கே குளிர் குறைந்துவிடவில்லை. வீடுதோறும் மின்சாரம் ஏற்றும் வசதியும், வழிநெடுக ஏற்றும் நிலையங்களும், பல வருஷங்களாக மாறாத வரிச்சலுகையும் இருந்தபடியால் ஜனங்கள் துணிந்து மாறினர். ஆகவே தடையாயிருப்பது குளிர் மட்டுமன்று. வழியில் மின்சாரம் கிடைக்குமென்ற நம்பிக்கை இல்லாமையே பெரிய தடை.

திருவள்ளூரில் பனி பெய்வதில்லை. எனினும் பனி அங்கே செய்யும் வேலையை இங்கே வேறு மூன்று செய்கின்றன. முதலாவது பாரம். இரண்டாவது, அக்கினி நட்சத்திரக் காலத்து வெப்பம்; அது அன்றைய ஓட்டத்தைக் குறைப்பதைக் காட்டிலும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. மூன்றாவது, ஐப்பசி முதல் மார்கழி வரையில் வரும் புயலும் வெள்ளமும் அவற்றையொட்டிய மின்தடையும். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போயிற்று. அப்படிப்பட்ட நாளில் வெறும் மின்சார வண்டி வைத்திருப்பவர் பாலையும் காய்கறியையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். துணை எஞ்சினுள்ள வண்டியோ, தானே ஓடுவதோடு, தக்க இணைப்பு அமைந்திருந்தால் ஒரு வீட்டு விளக்குக்கும் சிறு பம்புக்கும் பாலைக் குளிர வைக்கும் பெட்டிக்கும் மின்சாரம் தரக்கூடும். இது அதன் மெய்யான சிறப்பு. எந்த வண்டியானாலும் முழுகிய தரைப்பாலத்தில் இறக்கலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வரவு செலவுக் கணக்கு

துணை எஞ்சினைப் பற்றி விற்பனையாளர் சொல்லக்கூடியவற்றுள் மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டியது செலவுக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி ஏறக்குறைய 9 யூனிட். சிறு எஞ்சினும் ஜெனரேட்டரும் அதில் முக்கால் பங்கு வரையில் வெப்பமாக இழந்துவிட்டு, இரண்டரை யூனிட் அளவே மின்சாரமாகக் கொடுக்கும். பாரத்துடன் செல்லும் குட்டியானைக்குக் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் வேண்டுமென்று கொண்டால், ஒரு லிட்டருக்குக் கிடைப்பது பன்னிரண்டரைக் கிலோமீட்டர். டீஸல் குட்டியானையோ லிட்டருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் அளவில் ஓடக்கூடியது. ஆகவே துணை எஞ்சினை நம்பியே ஓட்டினால் பழைய வண்டியைவிட நஷ்டமே உண்டாகும்.

திருத்தணிக் குடியானவர் ஒருவர் கோயம்பேடு போய்த் திரும்பும் 160 கிலோமீட்டரை உதாரணமாகக் கொள்ளலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீஸல் 92 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய், சந்தையில் ஏற்றும் மின்சாரம் யூனிட் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு வருமாறு:

டீஸல் வண்டி: ஒன்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு, செலவு ஏறக்குறைய 820 ரூபாய்.

12 யூனிட் பாட்டரியும் துணை எஞ்சினும் உள்ள வண்டி: 60 கிலோமீட்டர் மின்சாரத்தால், 100 கிலோமீட்டர் பெட்ரோலால், செலவு ஏறக்குறைய 895 ரூபாய்.

20 யூனிட் பாட்டரியும் துணை எஞ்சினும் உள்ள வண்டி: 100 கிலோமீட்டர் மின்சாரத்தால், 60 கிலோமீட்டர் பெட்ரோலால், செலவு 640 ரூபாய்.

மேற்படி 20 யூனிட் வண்டியே சந்தையில் சரக்கிறக்கும் நேரத்தில் 8 யூனிட் ஏற்றிக்கொண்டால்: 140 கிலோமீட்டர் மின்சாரத்தால், 20 கிலோமீட்டர் மட்டும் பெட்ரோலால்; செலவு 440 ரூபாய்.

இக்கணக்கில் விலைகள் ஊருக்கு ஊர் மாறலாம். அதன் போதனை மாறாது. பாட்டரியைச் சுருக்கி எஞ்சினைப் பெருக்கிய வண்டி, விலை குறைவென்று தோன்றினாலும், டீஸல் வண்டியைக் காட்டிலும் அதிகம் தின்னும். பாட்டரி தாராளமாயிருந்து எஞ்சின் ஆபத்துக்கு மட்டும் உதவுவதாயிருந்தால் நடைக்கு 180 ரூபாய் மிஞ்சும். சந்தையிலும் மின்சாரம் ஏற்ற வசதியிருந்தால் 380 ரூபாய் மிஞ்சும். லாபத்தைத் தருவது எஞ்சினன்று, வெளியிலிருந்து ஏற்றும் மின்சாரமே என்பது இதனால் வெளிப்படை.

இவ்வுண்மையை மறந்தால் என்ன நேரிடுமென்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. அங்கே எஞ்சினும் வெளி மின்சாரமும் கூடிய கார்களை வாங்கியவர்களுள் பலர் சலுகையைப் பெற்றுக்கொண்டு மின்சாரம் ஏற்றாமலே பெட்ரோலால் ஓட்டினர். சாலையில் அக்கார்கள் விட்ட புகை, பரீட்சையிற் சொல்லிய அளவைப்போல் மூன்றரை மடங்காயிருந்ததென்று ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சோம்பலுக்கு இடம் கொடுக்கும் யந்திரம் சிக்கனத்துக்கு உதவாது.

எஞ்சினின் அளவையும் கவனிக்க வேண்டும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மேற்படி வண்டிக்குச் சராசரி 9 கிலோவாட் போதும். பவர் டில்லரில் உள்ளதைப் போன்ற 12 முதல் 15 குதிரைச் சக்தி எஞ்சினே இதற்குச் சரியாகும். இதற்கு மேற்பட்ட எஞ்சினை வைப்பது விரலுக்கு மிஞ்சிய வீக்கம். எஞ்சின், ஜெனரேட்டர், டாங்கி மூன்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நெல் மூட்டைகளின் கனமுண்டு. அவ்வளவு சரக்கு ஒவ்வொரு நடையிலும் குறையும். மேலும் எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி, பிளக்கு ஆகிய பழைய பராமரிப்பும், பாட்டரி, மோட்டார் ஆகிய புதிய பராமரிப்பும் ஒருங்கே வந்து சேரும். மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பதுபோல் ஆகாதிருக்க வேண்டுமானால், இரண்டையும் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளர் பக்கத்து ஊரிலேயே இருக்க வேண்டும்.

யுத்த காலத்துக் கரிவாயு வண்டிகள்

இந்நாட்டில் மோட்டார் வண்டிக்கு இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்யப்படுவது இது முதல் தடவையன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941 முதல் பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டது. அக்காலத்தில் சென்னை ராஜதானியெங்கும் பஸ்களின் பின்புறம் கரியடுப்பொன்றைப் பூட்டி, அதிலிருந்து வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டினர். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து விசிறி சுற்றிக் காத்திருக்க வேண்டும். வண்டியின் பலமும் குறையும். மேட்டில் பிரயாணிகள் இறங்கி நடந்ததுமுண்டு. இத்தனை தொல்லைகளுடனும் அவ்வேற்பாடு பல வருஷங்கள் கிராமங்களை நகரங்களோடு சேர்த்து வைத்தது. அதை ஏளனம் செய்வது நியாயமன்று.

அதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. கரியடுப்பு வண்டியோடு வார்க்கப்பட்டதன்று, வெளியே பூட்டப்பட்டது. பெட்ரோல் மீண்டும் தாராளமாகக் கிடைத்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அதே பஸ்ஸை அதே முதலாளி ஓட்டினார். துணை எஞ்சினும் அவ்வாறே கழற்றத்தக்க தனிப்பெட்டியாக அமைய வேண்டும். இன்னும் சில வருஷங்களில் வழியெங்கும் மின்சாரம் ஏற்றும் நிலையங்கள் ஏற்பட்டபின், குடியானவர் அப்பெட்டியைக் கழற்றி விற்றுவிட்டு, அவ்விடத்தில் இரண்டு மூட்டை அதிகம் ஏற்றிக்கொள்ளலாம். கழற்ற முடியாதபடி வண்டியோடு ஒன்றாகச் செய்யப்பட்ட எஞ்சினுக்கோ, தேவை நீங்கிய பின்னும் அவர் பராமரிப்புச் செலவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வரியும் சலுகையும்

மத்திய சர்க்காரின் சரக்கு, சேவை வரியில், பாட்டரியின் மின்சாரத்தால் மட்டும் ஓடும் வண்டிக்கு 5 சதவீதமே விதிக்கப்படுகிறது. ‘மட்டும்’ என்னும் சொல் காரணமாகத் துணை எஞ்சினுள்ள வண்டி இச்சலுகைக்கு வெளியே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த மாறுதலுக்குப் பிறகும், எஞ்சினும் மின்சாரமும் கூடிய சிறு கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் உண்டு.

இது அநியாயமென்று ஒரு சாராரும், முற்றிலும் நியாயமென்று மற்றொரு சாராரும் வாதிக்கிறார்கள். எஞ்சினுள்ள வண்டிக்கும் சலுகை கொடுத்தால், கம்பெனிகள் பெயருக்கு ஒரு பாட்டரியை வைத்து வரியைத் தப்பித்துக்கொள்ளும். மின்சாரம் ஏற்றும் நிலையங்களை நிறுவும் முயற்சியும் தளர்ந்துவிடும் என்பது இரண்டாம் கட்சியாரின் வாதம். ஐரோப்பிய அனுபவத்தைப் பார்க்கும்போது இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நகரத்துச் செல்வர் வாங்கும் பெரிய காருக்கும், கிராமத்துக் குடியானவர் கீரை ஏற்றும் பார வண்டிக்கும் ஒரே வாதத்தைப் பொருத்துவதும் சரியன்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியுண்டு. பார வண்டிகளுக்கு மாத்திரம், அதுவும் சுமையுடன் குறைந்தது 100 கிலோமீட்டர் வெறும் மின்சாரத்தால் ஓடக்கூடியவற்றுக்கு மாத்திரம், எஞ்சின் மேலே சொன்ன அளவுக்கு மிஞ்சாமலிருந்தால், 5 சதவீத வரியை விதிக்கலாம். வெளியிலிருந்து எத்தனை யூனிட் ஏற்றப்பட்டது, எஞ்சின் எத்தனை மணி ஓடிற்று என்பவற்றைக் காட்டும் மீட்டர் வண்டியிலேயே இருக்க வேண்டும். சலுகைக்கு முடிவு வருஷமும் முதலிலேயே குறிக்கப்பட வேண்டும். சீனாவில் ஷாங்காய் நகரம் எஞ்சின் கலந்த வண்டிகளுக்கும் பல வருஷங்கள் இலவச லைசென்ஸ் தகடு கொடுத்துவந்து, 2023 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திக்கொண்டது. முடிவு குறிக்கப்பட்ட சலுகை மாறுதலைத் துரிதப்படுத்தும். முடிவில்லாத சலுகை பழக்கமாகிவிடும்.

முதலிற் செய்யத்தக்கவை

திருவள்ளூர் ஜில்லா மின்சாரத்துக்கு வறிய ஜில்லாவன்று. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கும் உலைகளுக்குப் பெரிய மின்கம்பிகள் வயல்களுக்கு மேலேயே செல்லுகின்றன. ஆயினும் அக்கம்பிகளின் கீழுள்ள கிராமத்தின் கடைசித் தெருவில், மாலை வேளையில் மின் அழுத்தம் குறைந்து விளக்கு மங்குவதுண்டு. வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவது முக்கியமாக இரவு வேலை. பத்து வண்டிகள் ஒரே டிரான்ஸ்பார்மரில் இரவில் ஏற்றத் தொடங்கினால் அது தாங்குமா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பு செட்டுக்கென்று 1990 முதல் இலவசமாகக் கொடுக்கப்பட்டுவரும் மின்சாரத்தை வண்டிக்கு ஏற்றுவது விதிகளுக்கு மாறானது. அத்தவறுக்கு இடமில்லாதபடி தனி மீட்டருடன் கூடிய இணைப்பு எளிதிற் கிடைக்க வேண்டும்.

இதனினும் முக்கியமானது சந்தையில் ஏற்றும் வசதி. பின்னிரவில் கோயம்பேடு சேர்ந்த வண்டி, சரக்கு விற்றுப் பணம் வாங்கித் திரும்பும்வரை இரண்டு மூன்று மணி நேரம் சும்மா நிற்கிறது. சாதாரண 3 கிலோவாட் இணைப்பே அந்நேரத்தில் 6 முதல் 9 யூனிட் வரை ஏற்றிவிடும். அது 30 முதல் 45 கிலோமீட்டருக்குப் போதும். காய்கறி, பூ, பழச் சந்தைகளின் வண்டி நிற்கும் இடங்களில் இவ்விணைப்புகள் வரிசையாக ஏற்படுமானால், ஊத்துக்கோட்டையாருக்குத் துணை எஞ்சினே வேண்டியதில்லை; திருத்தணியாருக்கும் அபூர்வமாகவே வேண்டியிருக்கும். ஜில்லாவிலுள்ள உழவர் சந்தைகள், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள், நெல் கொள்முதல் நிலையங்கள், பால் சங்கங்கள் ஆகியவற்றிலும் ஒவ்வோர் இணைப்பு வைக்கலாம். குடியானவர் தினந்தோறும் கால் வைக்கும் இடங்கள் இவையே. நெடுஞ்சாலை ஓட்டல்களில் காருக்காக வைக்கப்படும் நிலையங்கள் அவருக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.

துணை எஞ்சின் பெட்டியைத் தனித்தனியே ஒவ்வொருவரும் வாங்காமல், டிராக்டரையும் அறுவடை யந்திரத்தையும் போல வாடகைக்கு எடுக்கும் வழக்கத்தையும் யோசிக்கலாம். பள்ளிப்பட்டுக் குடியானவருக்கு மாங்காய்க் காலத்தில் இரண்டு மாதம் வேண்டியிருக்கும். மற்றவருக்கு மழைக்காலத்தில் இரண்டு வாரம் வேண்டியிருக்கும். ஒரு சங்கத்தில் நாலைந்து பெட்டிகளிருந்தால் ஒரு பிர்க்காவுக்கே போதுமானதாகலாம். இதைப் பரீட்சித்துப் பார்க்க எண்ணூர், அம்பத்தூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள கம்பெனிகளுக்குத் திருவள்ளூரைக் காட்டிலும் அருகான வயல்வெளி வேறில்லை. பரீட்சைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் குடியானவர் கையில் கொடுத்து ஓட்டிப் பார்த்து, கண்ட செலவை ஒளிக்காமல் வெளியிட்டால், விளம்பரத்தால் உண்டாகாத நம்பிக்கை அதனால் உண்டாகும்.

வாங்க எண்ணும் குடியானவரோ, கடைக்குப் போகுமுன் ஒரு மாத காலம் தம்முடைய நடைகளின் தூரத்தையும் சுமையையும் நோட்டில் குறித்து வைப்பது நன்று. நடைகளில் பத்துக்கு ஒன்பது 100 கிலோமீட்டருக்குள் அடங்கினால் வெறும் மின்சார வண்டியே அவருக்கு உகந்தது. எஞ்சிய ஒரு நடைக்கு வாடகை வண்டி பிடிப்பதே லாபம். பாதிக்கு மேல் அதைத் தாண்டினால், தாராளமான பாட்டரியுடன் கூடிய துணை எஞ்சின் வண்டியைக் கருதலாம். வீட்டில் இரவு முழுவதும் நிலையான மின்சாரம் கிடையாதென்றால், அது சீராகும்வரை டீஸல் வண்டியை மாற்றாதிருப்பதே உசிதம். பழைய வண்டி இன்னும் இரண்டு வருஷம் ஓடுவதால் கேடில்லை. பொருந்தாத வண்டிக்காகப் பட்ட கடன் நிலத்தையும் தொடக்கூடியது.

தரைப்பாலம் ஆற்றைக் கடக்க உதவுகிறது. ஜலம் வரும் நாளில் முழுகுகிறது. உயர்ந்த பாலத்துக்கு வேண்டிய கல்லும் இரும்பும், அதாவது கிராமத்தின் கடைசித் தெருவரையில் குறையாத மின்சாரமும் சந்தை வாசலில் ஏற்றும் வசதியும், இந்த ஜில்லாவிலேயே சேகரிக்கக்கூடியவை. அவை சேரும்வரையில் துணை எஞ்சினுக்கு ஓர் இடமுண்டு. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பாதைகளில் அவ்விடம் பெரிதேயாகும். அவை சேர்ந்தபின் அதைக் கழற்றி வைக்கும் நாளையும் இப்பொழுதே நினைவில் வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வது சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் குடியானவர்களுக்கும் ஒருங்கே நலமாகும்.